மூணு ஃபேஸும் சரியா இருக்கு

அந்த ஹாலில் ஒரு நாற்காலி இருந்தது. நாற்காலி என்று சொன்னால் ஜவஹருக்குக் கோபம் வரும். ரிக்ளைனர் என்று சொல்ல வேண்டும். ராஜா அண்ணாமலைபுரத்தில் புது ஃபிளாட் வாங்கி ஹோம் தியேட்டர் வைத்தபோது, கடையிலிருந்து மீட்டர் கோலைக் கொண்டுவந்து, தரையில் முட்டி போட்டு அளந்து, இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நூல் பிசகாமல் அதைப் போட்டார். தி.நகரில் முப்பது வருஷமாகத் துணி அளக்கிற கை அது, தப்பு வருமா? போட்டு முடித்து மனைவியைக் கூப்பிட்டார்.

"பாரதி, இது உன் சீட்டு. வீட்டுலயே நல்ல சீட்டு இதான். நான் ஓரத்து சோபாவுல உக்காந்துக்கிடுதேன்."

ஜெயபாரதிக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் எந்த வண்டியிலும் எந்த விருந்திலும் முதல் சீட்டு அவள் மாமனாருக்கு, அடுத்தது மாமனாரின் தம்பிகளுக்கு. இப்போதுதான் அவளுக்கென்று ஒன்று. ஆனால் ஐந்து மாதம் ஆவதற்குள் அந்த நாற்காலிப் பக்கம் போகவே அவளுக்குத் தயக்கமாகிவிட்டது. அதில் உட்கார்ந்தால் அவளுக்குக் காது கேட்கவில்லை.

கேட்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. படத்தில் மழை பெய்தால் கேட்டது. கார் கிறீச்சிட்டால் கேட்டது. மனிதர்கள் வாயைத் திறந்தால் மட்டும் யாரோ பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. ஓரத்து சோபாவில் இருந்த ஜவஹருக்கு எல்லாம் கேட்டது. வந்த விருந்தாளிகளுக்கும் கேட்டது. அளந்து போட்ட சீட்டை விட்டு எழுந்தால் அவர் மனசு கஷ்டப்படும் என்று ஜெயபாரதி மட்டும் வேறெங்கும் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் கேட்டு ஒருத்திக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் பழுதை எங்கே தேடுவார்கள்? லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய பெட்டியையா சந்தேகப்படுவார்கள்? ஐம்பத்திரண்டு வயசு ஆகிறது, அவள் அம்மாவுக்கும் இந்த வயசில்தான் காது மந்தமானது என்று ஜெயபாரதியே முடிவு கட்டிக்கொண்டாள். கடையில் கூட்ட நேரத்தில் யார் எதைச் சொன்னாலும் "என்ன, என்ன?" என்று இரண்டு தடவை கேட்கத் தொடங்கினாள். பயம் வந்துவிட்டால் இருக்கிற காதும் கேட்காது.

அதுகூடப் பரவாயில்லை. விஷயம் மகள் அனுப்ரியாவிடம் வந்து நின்றதுதான் தாளவில்லை.

அனுப்ரியாவுக்கு வேலை டப்பிங். வடபழனி பக்கம் தனியாகத் தங்கி, அங்கே ஏதோ ஒரு ஸ்டூடியோவில், குளிர் அறையில் நின்றுகொண்டு, திரையில் வேறொருத்தி வாயசைக்க இவள் குரல் கொடுக்க வேண்டும். கடையைப் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்த பிள்ளை இந்த வேலைக்குப் போனதில் ஜெயபாரதிக்கு முதலில் வருத்தம் இருந்தது உண்மை. அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னதும் உண்மை. இப்போது ஒரு வெப் சீரிஸில் கதாநாயகியின் அக்கா முழுக்க முழுக்க அனுப்ரியாவின் குரல்தான். எட்டு எபிசோடையும் ஜெயபாரதி அந்த ராஜ நாற்காலியில் உட்கார்ந்து, வாயைப் பார்த்துக்கொண்டே முடித்தாள். பிறகு மகள் போனில் கேட்டாள்.

"அம்மா, ஆஸ்பத்திரி வராண்டா சீன்ல நான் அழற இடம் எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா அழுதிருந்தடி."

"அந்த சீன்ல நான் அழவே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அனுப்ரியா போனை வைத்தாள். அதற்குப் பிறகு மூன்று வாரமாக அப்பாவுக்குத்தான் போன், அம்மாவுக்கு இல்லை. காது போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜெயபாரதியின் வாயில் அது வரவில்லை. மொபைலில் இயர்போன் மாட்டிக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் நினைத்தாள், இயர்போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அதிலும் கேட்காமல் போய்விட்டால்? அந்த பயத்தில் மறுபடி டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். கடைசியில் ஜவஹர்தான் மந்தைவெளியில் ஒரு காது டாக்டரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தார்.

ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ரூபீனா வந்தது ஜெயபாரதியின் காதுக்காக அல்ல. ஜவஹருக்குச் சத்தத்தில் அடி பத்தவில்லை. மூலையில் இருந்த சப்வூஃபர் என்கிற அடிச்சத்தப் பெட்டியை முழுக்கத் திருகி வைத்தும் நெஞ்சில் குத்துகிற அந்த தம்தம் வரவில்லை. கீழ்வீட்டுக்காரர் மட்டும் இரண்டு தடவை வந்து சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தார். ஈக்காட்டுத்தாங்கலில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்கிற கடை ஒன்று இருக்கிறது, அந்த அம்மா கை வைத்தால் சரியாகும் என்று யாரோ சொல்ல, போன் போட்டார்.

வந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஐஸ்ஹவுஸ் பக்கம் வீடு. ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் கழற்றியதும் துப்பட்டாவை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். ஜவஹர் ரிமோட்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அது இருக்கட்டும் சார். யாரு எங்க உக்காருவீங்க, அத்த சொல்லுங்க மொதல்ல."

ஜெயபாரதி சமையலறை வாசலில் நின்று இதைக் கேட்டாள். இந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் அதைப் பார்த்தார்கள், வாட்ஸ் கேட்டார்கள், விலை கேட்டார்கள். யார் உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. முதல் கேள்வியிலேயே அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது.

"நடு சீட்டு இவளுக்கு" என்றார் ஜவஹர். "ஆனா இவ இப்ப அவ்வளவா பாக்கிறதில்ல."

"எனக்குக் காது கொஞ்சம் சரியில்ல" என்றாள் ஜெயபாரதி. வெளியாள் ஒருவரிடம் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை. ரூபீனா அய்யோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்து அனுப்புகிற ரிசீவர் பெட்டியை இழுத்து வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

பார்த்ததும் முதலில் சிரித்தாள். "சார், இன்னா சார் இது, ஸ்டேடியம் மோடுல வெச்சிக்கினு கீறீங்க?"

"அதுதான் இருக்கதுலயே பெருசு!" என்றார் ஜவஹர்.

"பெருசுதான் சார். ஒருத்தர் பேசினா மைதானத்துல பேசற மாதிரி இழுத்துக்கினு போவும். ஹால்ல உக்காந்துக்கினு உங்களுக்கு மைதானம் எதுக்கு?" என்று அதை அணைத்தாள். சப்வூஃபரின் திருகையும் பாதிக்கு இறக்கினாள். ஜவஹர் தன் பிள்ளையை அடித்ததுபோலப் பார்த்தார். டிவிக்குக் கீழே வைக்க வேண்டிய நடு ஸ்பீக்கர் எங்கே என்று அவள் கேட்டதற்கு, ஸ்டாக் இல்லை, இதோ வருகிறது என்று விற்றவர் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதாக ஜவஹர் சொன்னார்.

"சரி, அப்போ பேச்சு மொத்தமும் லெஃப்ட்டு ரைட்டு ரெண்டுலயும்தான் பிரிஞ்சி வரும். பரவால்ல."

ரிசீவருக்கு இந்த அறையைக் காட்ட வேண்டும் என்றாள். அதற்கு ஒரு குட்டி மைக் உண்டு. அதை உட்காருகிறவரின் காது உயரத்தில் வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சத்தம் விட்டு, தூரம் எவ்வளவு, சத்தம் எவ்வளவு என்று தானே அளந்துகொள்ளும். ஜெயபாரதியை நாற்காலியில் உட்காரச் சொல்லி, அவள் காது எந்த உயரத்தில் வருகிறது என்று விரலால் குறித்துக்கொண்டாள். ஜெயபாரதி எழுந்ததும், கடையிலிருந்து வந்து கிடந்த பட்டுப்புடவை அட்டைப்பெட்டிகளை நாற்காலிமேல் ஒவ்வொன்றாக அடுக்கி, ஐந்தாவது பெட்டியில் சரியாக அந்த உயரத்துக்கு வந்ததும் மைக்கை வைத்தாள். ஃபேனை நிறுத்தினாள். ஃபிரிட்ஜை அணைக்கச் சொன்னாள். ஜன்னல்களைச் சாத்தினாள். காபி வேண்டுமா என்று கேட்டதற்கு, "முடியட்டும்மா, டம்ளர் சத்தம்கூட இதுல ஏறிடும்" என்றாள். வியர்வை வழிய மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேலை என்றால் இப்படியல்லவா செய்ய வேண்டும் என்று ஜெயபாரதிக்குத் தோன்றியது. கடையில் ஒரு புடவையை உதறி மடிக்கக்கூட இப்போதெல்லாம் யாருக்கும் இந்தப் பொறுமை இல்லை.

ரூபீனா பட்டனை அழுத்தப் போனாள்.

"கொஞ்சம் பொறும்மா" என்றாள் ஜெயபாரதி. "மீன்காரம்மா வர்றா. கத்துனா உன் மைக்குல ஏறிடப் போகுது."

ரூபீனா கையை எடுத்துவிட்டு உற்றுக் கேட்டாள். "எங்கம்மா? எனக்கு ஒண்ணியும் கேக்கலியே."

"பால் பூத் முனையில திரும்புறா."

மூன்றாவது மாடி. எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. ஜவஹர் மனைவியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரு நிமிஷம் முழுசாகப் போனது. பிறகு தெருவில், அவர்கள் வீட்டு வாசலுக்கு நேர் கீழே, பட்டினப்பாக்கத்து மீன்காரியின் குரல் எழுந்தது: "சங்கராஆ... நெத்திலீஈ..."

ரூபீனா ஜெயபாரதியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஜெயபாரதி பிறகு வெகுநாள் மறக்கவில்லை.

"அம்மா, சத்தம் கேட்டு சோறு துன்றவ நான். எனக்கே இப்பதான் கேக்குது. உங்களுக்கா காது போச்சு?"

"டிவியில ஒண்ணும் புரியலையே..."

"எங்க உக்காந்தா புரியல?"

ஜெயபாரதி நாற்காலியைக் காட்டினாள். ரூபீனா பெட்டிகளை இறக்கிவிட்டு அவளை அதில் உட்கார வைத்தாள். டிவியில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்த சேனலைப் போட்டாள். வாய் அசைந்தது, சொல் வரவில்லை. அதே கதவு சாத்திய பேச்சு. "இப்போ இந்தாண்ட நகுந்து நில்லுங்க" என்றாள் ரூபீனா. ஜெயபாரதி எழுந்து நாற்காலிக்கு வலப்பக்கம் மூன்றடி தள்ளி நின்றாள். வானிலை அறிக்கை பளிச்சென்று கேட்டது. திரும்ப உட்கார்ந்தாள். போய்விட்டது. எழுந்தாள். வந்தது. சின்னப் பிள்ளைபோல நாலு தடவை உட்கார்ந்து எழுந்தாள்.

"காதுல இன்னா இருக்குது, இந்த சேர்லதான் இருக்குது" என்றாள் ரூபீனா. ஸ்பீக்கர்களின் துணி மூடியைக் கழற்றினாள். ரிசீவரின் பின்பக்கம் இருந்த ஒயர்களை உருவினாள். ஜவஹரின் ரிமோட்டைத் திறந்து ஒரு செல்லை எடுத்துக்கொண்டாள். வலது ஸ்பீக்கரின் ஒயர் இரண்டையும் அந்த செல்லின் இரண்டு முனையிலும் தொட்டாள். டப் என்று ஸ்பீக்கரின் காகித வயிறு முன்னால் வந்தது. அடுத்து இடது ஸ்பீக்கரின் ஒயர். டப். வயிறு உள்ளே போனது.

"பாத்தீங்களா?"

இரண்டு பேரும் முழித்தார்கள். அவள் அட்டைப்பெட்டியில் இருந்து ஒரு புடவையை எடுத்து ஜெயபாரதியிடம் ஒரு முனையைக் கொடுத்தாள். "ரெண்டு பேரும் சேந்து மேல தூக்கினா உள்ள காத்து நிக்கும், புடவை பொம்முனு எழும்பும். நீங்க தூக்கறப்ப நான் எறக்கினா?" அப்படியே செய்து காட்டினாள். புடவை நடுவில் தொய்ந்து கிடந்தது. "இது காத்த முன்னால தள்ளறப்ப அது பின்னால இழுக்குது. நடுவுல உக்காந்தவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது. சாருக்கு அடி பத்தாததும் இதாலதான். ஓரத்துல உக்காந்தா தப்பிச்சிக்கலாம். சார் வேற அரை இஞ்சு பிசகாம நட்டநடுவுல போட்டுகிறாரு. இவ்ளோ கரெக்டா அளந்து போட்ட சேர நான் எந்த வீட்லயும் பாத்ததில்ல சார். கொஞ்சம் தப்பா அளந்திருந்தீங்கன்னா அம்மாவுக்குக் கொஞ்சமாவது கேட்டிருக்கும்."

ஜவஹர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா ரிசீவர் மொத தடவ அளக்கறப்பவே சொல்லியிருக்குமே சார்? ஸ்கிரீன்ல ஃபேஸ்னு ஒண்ணு வந்திருக்குமே?"

"வந்துச்சு" என்றார் ஜவஹர். அவர் குரல் ஈனமாக இருந்தது. "லெஃப்ட், ஃபேஸ்னு வந்துச்சு. உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்லா. அவன் கீழ போயி மீட்டர் பெட்டியத் திறந்து டெஸ்டர் வச்சுப் பாத்தான். மூணு ஃபேஸும் சரியா இருக்கு சார்னான். சரினு ஸ்கிப்ப அமுக்கிட்டேன்."

ரூபீனா ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கரண்டு வருகிற கம்பிக்கு ஒரு ஃபேஸ், ஸ்பீக்கர் காற்றைத் தள்ளுகிற திசைக்கு ஒரு ஃபேஸ் என்று ஜவுளிக்கடைக்காரருக்கு யார் சொல்லித் தந்தார்கள்? ஜெயபாரதிக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் ரூபீனா அடுத்துக் கேட்ட கேள்வியில் அது நின்றுவிட்டது.

"செவுத்துக்குள்ள ஓடற ஒயரு ரெண்டுமே சிவப்பா கீதே, கறுப்பு எங்க? ஒண்ணு சிவப்பு, ஒண்ணு கறுப்பு இருந்தா மாத்திக் குடுக்கவே முடியாதே. எவன் சார் இப்படி இழுத்தது?"

எலக்ட்ரீஷியன் மேல் தப்பில்லை. ஜெயபாரதிக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம் முன்னால் அந்த ஆள் கறுப்பும் சிவப்புமாக ஒயர் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். புது வீட்டு ஹாலில் கறுப்பு ஒரு இழைகூட ஓடக்கூடாது என்று வாசலிலேயே அவனை நிறுத்தித் திருப்பி அனுப்பியது யார்?

"நான்தாம்மா" என்றாள். "மங்களமா சிவப்பே இழுப்பான்னு நான்தான் சொன்னேன்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் ஒயரைக் கெடுத்தாள், அவர் ஸ்கிப்பை அழுத்தினார், இரண்டு பேருமாகச் சேர்ந்து அவள் காதைச் செவிடாக்கியிருந்தார்கள். "உனக்கு நல்ல சீட்டா இருக்கட்டும்னுதான்..." என்று ஜவஹர் ஆரம்பித்தார். அவர் கண் கலங்கியதை ஜெயபாரதி பார்த்தாள், பார்க்காததுபோல இருந்துகொண்டாள்.

ரூபீனா செல்லை ரிமோட்டில் திருப்பிப் போட்டுவிட்டு, இடது ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி முறுக்கினாள். ஒன்றின் கழுத்தில் பையிலிருந்து ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பை எடுத்துச் சுற்றினாள். கறுப்பு டேப். "இது மட்டும் இருக்கட்டும்மா, மன்னிச்சிக்கோங்க" என்றாள். மறுபடி ஐந்து பெட்டி, மறுபடி மைக், மறுபடி மூச்சுப் பிடிப்பு. ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சத்தம் சுற்றி வந்தது. திரையில் தூரம் வந்தது, இடது ஒன்பது அடி, வலது ஒன்பது அடி. ஃபேஸ் என்ற வார்த்தை வரவில்லை.

"ஏதாச்சும் தெரிஞ்ச குரலா போடுங்க. நல்லா பழகின குரல்னாதான் சரியா கீதான்னு தெரியும்."

ஜவஹர் மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் அந்த சீரிஸைப் போட்டுவிட்டார், ஆஸ்பத்திரி வராண்டா சீனுக்கே நேராகப் போனார். ஜெயபாரதி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் வராண்டா வந்தது. பின்னால் எங்கேயோ ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருண்டு போனது. ஒரு நர்ஸ் செருப்பு தேய நடந்தாள். பிறகு திரையில் அந்த அக்கா நிமிர்ந்தாள், குரல் வந்தது. இடது பெட்டியிலிருந்தும் வரவில்லை, வலது பெட்டியிலிருந்தும் வரவில்லை. டிவிக்கு நேர் நடுவில், நடு ஸ்பீக்கர் வராததால் ஒரு குட்டிப் பிள்ளையார் பொம்மை மட்டும் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வந்தது. ஜெயபாரதி எழுந்து போய் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அங்க ஒண்ணுமே இல்லம்மா" என்றாள் ரூபீனா. "ரெண்டும் ஒத்துப் போனா நடுவுல வந்து நிக்கும். அதுவும் அந்த சேர்ல உக்காந்தவங்களுக்கு மட்டும்தான். சாருக்குக்கூட அப்படிக் கேக்காது."

இல்லாத இடத்தில் ஒரு குரலைக் கொண்டுவந்து நிறுத்துகிறாளே இந்தப் பெண், வெறும் ஒரு ரிமோட் செல்லையும் இரண்டு காதையும் வைத்துக்கொண்டு! ஜெயபாரதிக்கு எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் சீன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

திரையில் டாக்டர் ஏதோ சொன்னார். அக்கா உடனே பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் தொண்டைக்குள் ஏதோ ஒன்று இறங்கியது. விழுங்குகிற சத்தம், மிகச் சின்னது. பிறகு, "ஒண்ணுமில்ல டாக்டர், தண்ணி இருக்கா?"

ஜெயபாரதிக்கு அந்தச் சத்தம் தெரியும். மூன்றாம் வகுப்பில் அனு ரேங்க் கார்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து நிற்கும்போது வரும். கடைக்கு வரமாட்டேன், டப்பிங்குக்குத்தான் போவேன் என்று சொன்ன அன்றைக்கு, இவள் கத்தி முடித்ததும், அதே சத்தம் வந்தது. அப்போது அதற்கு இவள் அர்த்தம் புரிந்துகொள்ளவில்லை. அதையே அனு திரையில் நிற்கிற யாரோ ஒருத்திக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். என்ன பிள்ளை! எப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றுவிட்டு என்ன சொல்லியிருக்கிறேன்!

போனை எடுத்தாள். ஆறு ரிங் போயிற்று.

"சொல்லும்மா" என்றாள் அனுப்ரியா. குரல் தள்ளி நின்றது.

"அனு, எனக்கு இதுவரைக்கும் கேக்கலடி. இந்த அஞ்சு மாசமா டிவியில ஒண்ணுமே கேக்கல. காது போச்சுன்னு பயந்து உன்கிட்ட பொய் சொன்னேன். ஒயரு மாறிக் கெடந்துச்சு. இன்னைக்கு ஒரு பொண்ணு வந்து சரி பண்ணிட்டா. இப்பதான் கேட்டேன்."

மகள் வாயைத் திறப்பதற்குள் ஜெயபாரதியே தொடர்ந்தாள்.

"அந்த வராண்டா சீன்ல நீ அழல. அழுகைய முழுங்கிட்டு தண்ணி கேட்ட. டாக்டர் சொல்லி முடிச்சதும் தொண்டையில எறக்கினியே, அதுக்கப்புறம் 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்றதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சுடி."

ஜவஹர் டிவியை நிறுத்தினார். ரூபீனா தன் பையை மூடிக்கொண்டிருந்தவள், ஜிப்பை பாதியில் விட்டாள். ஃபேன் இன்னும் போடவில்லை, ஃபிரிட்ஜும் போடவில்லை. அந்த அமைதியில் போனுக்குள்ளிருந்து ஒரு மிகச் சின்ன சத்தம் வந்தது.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் அனுப்ரியா.

"இப்பவும் முழுங்கின" என்றாள் ஜெயபாரதி. "கேட்டுச்சு."